முந்தானையில் ஒரு சிவப்புப் பெட்டி

எனக்குக் கோபம் வந்தால் காது சிவக்கும் என்று என் புருஷன் சத்யராஜ் சொல்வார். அந்தத் திங்கட்கிழமை காவேரி போனில் அழுதபோது இரண்டு காதும் சுட்டன. "இருடி, இப்பவே வரேன். யாருன்னு ஒரு கை பாத்துடலாம்" என்று சொல்லிவிட்டு, ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டு, கூரத்தில் பஸ் ஏறிக் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் போய் இறங்கினேன். சண்டை போட ஆள் தேடிப் போனவள் நான். ஆளும் கிடைத்தது.

காவேரி ஆறாவதிலிருந்து பத்தாவது வரை என் பெஞ்சில் உட்கார்ந்தவள். நெசவு வீட்டில் பிறந்து நெசவு வீட்டிலேயே வாழ்க்கைப்பட்டவள். அவளும் அவள் புருஷன் லோகேஷும் பதினாலு வருஷம் கடைக்காரருக்குக் கூலிக்கு நெய்தார்கள். போன வருஷம்தான் துணிந்து, சொந்தப் பட்டும் சொந்த ஜரிகையும் போட்டு நெய்து, போனில் ஒரு ஆப் வழியாக விற்க ஆரம்பித்தார்கள். புடவைப் படத்துக்குக் கீழே 'நெய்தவர்கள்: காவேரி, லோகேஷ்' என்று வரும். முதல் தடவை அது வந்த அன்று அவள் எனக்கு அதை நாலு தடவை அனுப்பினாள். நானும் நாலு தடவையும் கைதட்டும் பொம்மை போட்டேன்.

அந்த ஆப்பில் புடவையை விரித்து ஏழு போட்டோ எடுத்துப் போடவேண்டும். முன்பு யாரோ ஒரு மனுஷர் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மாதமாக மெஷின் பார்க்கிறது. நல்ல புடவை என்றால் பச்சை, சேதம் என்றால் சிவப்பு. மூன்று சிவப்பு விழுந்தால் கணக்கை மூடிவிடுவார்கள். காவேரியின் மயில்கழுத்துக் கலர் கல்யாணப் புடவைக்கு இரண்டு சிவப்பு விழுந்துவிட்டது. சேலத்தில் ஒரு பெண் முகூர்த்தத்துக்கு அதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறாள். அடுத்த செவ்வாய்க்குள் பச்சை விழவில்லையென்றால் புடவையும் போச்சு, இன்னொரு சிவப்பு விழுந்தால் கணக்கும் போச்சு.

"திரும்ப கூலிக்குத்தான்டி போவணும் எஸ்தரு" என்று மூக்கை உறிஞ்சினாள் காவேரி. "வேணாம்னு சொல்லிட்டு வந்த கடைக்காரரு கிட்ட எந்த மூஞ்சிய வெச்சிக்கினு போறது?"

"இருக்கிற மூஞ்சிய வெச்சிக்கினுதான்" என்றான் லோகேஷ். அவனை அவள் பார்த்த பார்வையில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டான்.

"அப்படி இன்னா சேதம்னு காட்டுது அது? குடு போன" என்று வாங்கிப் பார்த்தேன். உடம்பு முடிந்து முந்தானை ஆரம்பிக்கிற இடத்தில், குறுக்கே நீளமாக ஒரு சிவப்புப் பெட்டி. பெட்டியின் மேல்கோடு ஒட்டினாற்போல் இருந்தது. கீழே மட்டும் ஒரு விரல் அளவு சும்மா விட்டிருந்தது.

ஆண்டவரே! அது என் பெட்டி.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். செவிலிமேட்டில் ஒரு மாவு மில்லுக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். வாலாஜாபாத், கூரம், திருப்புட்குழி என்று சுற்றுப்பட்டிலிருந்து முப்பத்திரண்டு பெண்கள். கம்ப்யூட்டரில் படம் வரும். கேட்டதைச் சுற்றிப் பெட்டி போட்டுப் பேர் குறிக்கவேண்டும். இது மாடு, இது சைக்கிள், இது பழுத்த தக்காளி. அப்படி ஆயிரக்கணக்கில் பார்த்துத்தான் மெஷின் கற்றுக்கொள்கிறது. ஒரு மாதம் முழுக்க வெளிநாட்டு மாடாகவே குறித்திருக்கிறேன். கீழே ஒரு விரல் இடம் விடுவது என் பழக்கம். மாட்டுக்குக் குளம்பு வெட்டுப்பட்டுவிடக் கூடாது என்று ஆரம்பித்தது, புடவைக்கும் தொற்றிக்கொண்டது. நாலு மாதத்துக்கு முன் புடவைப் படங்கள் வந்தன. ஆறு பேர் செய்தோம். பாதிக்கு மேல் நான்தான்; என் ஒரு விரல் பழக்கத்தையும் சேர்த்துத்தான் அந்த ஆப் மெஷின் கற்றிருக்கிறது. கூடவே வந்த விதிமுறைத் தாளில் 'கோடு ஒழுங்காக இல்லாத இடம், நிறம் குழம்பிய இடம், முடிச்சு தெரிகிற இடம் எல்லாம் சேதம்' என்று இருந்தது. நான் சேதம் சேதம் என்று போட்டுத் தள்ளினேன். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரி என்று மேலிடத்தில் பாராட்டு வேறு.

"இது சேதமாடி?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"சேதமா? நாலாயிரம் எழடி! உடம்போட பாவு நூல அறுத்துட்டு, முந்தியோட பாவு நூல ஒவ்வொரு எழையா அதோட கையால பொணைப்போம். சாம்பல தொட்டுக்கினு, திரிச்சித் திரிச்சி. நானும் இவரும் மூணு நாளு உக்காந்து பொணைச்சோம். அந்தக் கோடு கோணலாத்தான் இருக்கும். நேரா இருந்துச்சின்னா அதுதான் மெஷின் தறில நெய்ஞ்சது!"

எனக்கு வயது முப்பத்தாறு. பட்டுக்குப் பேர்போன ஊரைச் சுற்றியே பிறந்து வளர்ந்தவள். ஆனால் தறி இருக்கும் அறைக்குள் நான் போனதில்லை. காவேரி வீட்டில் முன்கூடத்தோடு என் பயணம் முடிந்துவிடும். வராதே என்று அங்கே யாரும் சொன்னதில்லை. வா என்றும் சொன்னதில்லை. எங்கள் ஆபீசிலும் தறி வீட்டுப் பெண் ஒருத்தி கிடையாது. புடவை குறித்த ஆறு பேரும் காஞ்சிபுரத்தில் உட்கார்ந்துகொண்டு, காஞ்சிபுரம் புடவை கிழிந்திருக்கிறது என்று உலகத்துக்கே சொல்லிக் கொடுத்திருக்கிறோம். சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான்.

"மெஷினுக்குத் தானா தெரியாதுடி. யாராவது சொல்லிக் குடுத்திருப்பாங்க" என்று வாயை விட்டேன்.

காவேரியின் கண் விரிந்தது. "அப்ப எவளோ ஒருத்தி குந்திக்கினு இத்த சேதம்னு சொல்லிக் குடுத்திருக்கா!"

"ஒருத்தனாக்கூட இருக்கலாம்."

"இல்ல, இது பொம்பள வேலதான். அந்தக் கண்ணவிஞ்சவ ஆக்கற சோறெல்லாம் கொழஞ்சி போவ! அவ காயப்போட்ட துணி மேலல்லாம் காக்கா பேள!"

நான் திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி உட்கார்ந்திருந்தேன். சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தேன். சொன்னால் இருபத்தைந்து வருஷச் சிநேகிதம் இந்த முன்கூடத்திலேயே முடிந்துவிடும் என்று பயமாக இருந்தது. "ஆமாண்டி, வெளங்காதவ" என்று நானும் சேர்ந்து திட்டிவிட்டுக் கிளம்பினேன். அன்று ராத்திரி சோறு நிஜமாகவே குழைந்துவிட்டது.

மறுநாள் காலையில் எங்கள் டீம் லீடர் இளவரசனின் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன். வாலாஜாபாத் பையன், இருபத்தாறு வயது, எதைக் கேட்டாலும் 'பிராசஸ்' என்பான்.

"அந்த புராஜெக்ட் குளோஸ் ஆயிடுச்சிக்கா. கிளையன்ட் குடுத்த ரூல்படிதான் நாம போட்டோம். அதான் பிராசஸ்."

"ரூலு தப்பு இளவரசா."

"நம்ம வேல பெட்டி போடறதுக்கா. யோசிக்கறது அவங்க வேல."

காது சிவந்துவிட்டது. "தோ பாரு. ஒன் அக்கா கல்யாணத்துக்கு எந்த ஊருப் பொடவ எடுத்தீங்க? இதே ஊருதான? அத்தக் கொண்டாந்து இங்க விரி. மெஷின் கிழிசல்னு சொல்லும். ஒங்கக்கா மாமியாரு வூட்டுல போயி நான் சொல்லிட்டு வரேன், கிழிஞ்ச பொடவ கட்டி பொண்ணு அனுப்பினாங்கன்னு." மில் சத்தத்தையும் மீறி மாடி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவன் பெங்களூரில் இருக்கிற அந்த ஆப் கம்பெனிக்குப் போன் போட்டான்.

அங்கே அந்த மெஷினைக் கவனிக்கிற அபி என்ற பெண் எடுத்தாள். முந்தானைக் கோட்டைப் பற்றிச் சொன்னேன்; திட்டுவாள் என்று பார்த்தால் பெருமூச்சு விட்டாள். "அக்கா, ரெண்டு மாசமா கைத்தறிப் புடவைதான் ரெட் ஆகுது, பவர்லூம் எல்லாம் கிரீன் ஆகுது. ஏன்னே எங்களுக்குப் புரியலை. ஆனா அது டேமேஜ் இல்லைன்னு நான் எப்படி நம்புறது? காட்டுங்க."

அன்று மத்தியானமே இளவரசனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து பிள்ளையார்பாளையம் போனேன். அவன் போனைப் பிடித்துக்கொள்ள, அபி வீடியோவில் வந்தாள்; "மெஷின பாத்துக்கறவங்களப் புடிச்சிட்டேன், காட்டு" என்று மட்டும் காவேரியிடம் சொன்னேன். காவேரி பேச்சை வளர்க்கவில்லை. பீரோவைத் திறந்து தன் கூரைப்புடவையை எடுத்துவந்தாள். பதினஞ்சு வருஷப் புடவை. ஒரு பக்கத்தை லோகேஷ் கையில் கொடுத்தாள், மறுபக்கத்தை என் கையில்.

"கிழிசல்னா இழுத்தாப் பிரியணும் இல்ல? இழுங்க."

"ஐயோ, உன் கல்யாணப் பொடவடி!"

"இழுடின்னா!"

இழுத்தோம். பிணைத்த இடம் நடுவில். லோகேஷ் காலை ஊன்றி இழுக்க, நான் என் முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு இழுக்க, பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலில் கூடிவிட்டார்கள். "விடாத எஸ்தரு!" என்று யாரோ கத்தினார்கள். புடவை அப்படியே இருந்தது. லோகேஷ்தான் கால் வழுக்கி, பொத்தென்று உட்கார்ந்தான். போனுக்குள் அபி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"போதும், நம்பிட்டேன். 'முந்தானைப் பிணைப்பு'ன்னு புதுசா ஒரு பேர் சேர்த்துடறேன். ஆனா ரெண்டாயிரத்து நானூறு படத்தையும் திரும்பக் குறிக்கணும். வெள்ளிக்கிழமைக்குள்ள முடியுமா? அப்பதான் மண்டே மெஷின் புதுசா வரும்."

"முடியும்" என்றேன். பிறகுதான் உறைத்தது, எது பிணைப்பு எது கிழிசல் என்று எங்கள் மாடியில் ஒருத்திக்கும் தெரியாது என்று. இளவரசன் என்னைப் பார்த்தான். நான் காவேரியைப் பார்த்தேன்.

வியாழக்கிழமை காலையில் காவேரி தலைநிறைய மல்லிகைப்பூவோடு எங்கள் ஆபீஸ் படி ஏறினாள். அவளுக்கும் இரண்டு நாள் சம்பளம் என்று இளவரசனே கேட்டு வாங்கியிருந்தான். வேறு யாரோ தப்பாகக் குறித்ததை நாங்கள் திருத்துகிறோம் என்றுதான் அவளிடம் சொல்லி வைத்திருந்தேன். ஏசியில் முதலில் நடுங்கினாள். பத்து நிமிஷத்தில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ராணி மாதிரி நடுவில் உட்கார்ந்துவிட்டாள். ஆறு பேரும் படத்தைத் திறக்கத் திறக்க, அவள் நாற்காலியை உருட்டிக்கொண்டே வந்து சொல்லுவாள். "இது பொணைச்சது. இதுவும் பொணைச்சது. இது நெசமாலுமே கிழிசல். இது எலி கடிச்சது. இது இன்னா, இஸ்திரிப் பொட்டி சுட்டது, பாவம் யாரு பொடவையோ." மெஷினுக்கு எதெல்லாம் தெரியாது என்று அவள் தலையில் அடித்துக்கொண்டபோது எல்லாரும் சிரித்தோம்.

நடுநடுவே அந்த முகம் தெரியாதவளுக்குத் திட்டும் விழுந்தது. குறைந்ததா என்றால் இல்லை, ஆபீசுக்கு வந்தபின் இன்னும் கூடிற்று. அதுவும் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டுதான் ஆரம்பிப்பாள். "அவ தலைல பேனு புழுக்க! அவ பஸ்ஸுல ஏறினா சீட்டே கெடைக்காம போவ!" மற்ற ஐந்து பேரும் கீபோர்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். நான் ஒவ்வொரு பெட்டியாக அழித்து அழித்துப் போட்டேன். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கடைசிப் படம் முடிந்தது. காவேரி எழுந்து கைதட்டினாள், மாடியே கைதட்டியது.

திங்கட்கிழமை அபியிடமிருந்து செய்தி வந்தது: புது மெஷின் வந்தாச்சு, போட்டுப் பாருங்கள். அதற்குள் நான் பிள்ளையார்பாளையத்தில் இருந்தேன். லோகேஷ் மயில்கழுத்துப் புடவையை விரித்துப் பிடிக்க, ஏழு போட்டோ எடுத்தாள் காவேரி. கடைசிப் பொத்தானுக்கு முன்னால் விரல் நின்றது.

"என்னால ஆவாதுடி. நீ அமுக்கு" என்று போனை என் கையில் வைத்தாள்.

ஒரு சிவப்பு. ஒன்றே ஒன்று விழுந்தால் அவர்கள் பேர் அந்தப் படத்துக்குக் கீழே இனி வராது. யேசப்பா என்று கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினேன். ஒரு பச்சை. இரண்டு. மூன்று. நாலாவது முந்தானைப் படம். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு பிணைத்த இடத்தைச் சுற்றிப் பச்சைப் பெட்டி விழுந்து, 'முந்தானைப் பிணைப்பு, கைவேலை' என்று எழுத்து வந்தது. மீதி மூன்றும் பச்சை. லோகேஷ் புடவையைக் கீழே போடவும் முடியாமல் குதிக்கவும் முடியாமல் நின்ற இடத்திலேயே விசில் அடித்தான். காவேரி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் சந்தோஷத்தில் அழுதாள், நான் அது தாங்காமல் அழுதேன்.

"காவேரி, அந்தக் கண்ணவிஞ்சவ நான்தான்டி."

கட்டியிருந்த கையை அவள் எடுக்கவில்லை. "தெரியும்."

"இன்னா தெரியும்?"

"வியாழக்கெழம மொத படத்துலயே தெரியும். படத்து மூலைல குறிச்சவங்க பேரு சின்னதா இருக்குதே. எஸ்தர், எஸ்தர், எஸ்தர்னு. நானும் பத்தாவது பாஸுடி."

உண்மைதான். ஒவ்வொரு படத்திலும் பேர் இருக்கும். தினமும் பார்த்துப் பார்த்து எங்களுக்கு அது கண்ணில் படுவதே இல்லை.

"தெரிஞ்சிக்கினேவா ரெண்டு நாளா அந்தத் திட்டு திட்டின?"

"தெரிஞ்சப்புறந்தான்டி வாய்க்கு ருசியா இருந்துச்சி. நீயா எப்ப சொல்லுவேன்னு பாத்துக்கினு இருந்தேன்." முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். "தப்பு ஒன்னுது மட்டுமா? இத்தினி வருசத்துல ஒரு நாளு ஒன்ன உள்ள கூட்டிக்கினு போயி இதான்டி தறின்னு நானும் காட்டல. வா."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முன்கூடத்தைத் தாண்டினாள். தறி அறையில் அடுத்த புடவைக்கு முந்தி பிணைக்க வேண்டியிருந்தது. என்னை உட்காரவைத்து, கட்டை விரலில் சாம்பலைத் தடவி, இரண்டு இழையைக் கையில் கொடுத்தாள். திரித்தேன், அறுந்தது. மறுபடி திரித்தேன், மறுபடி அறுந்தது.

"எஸ்தரு, கண்ணவிஞ்சவளே, மெதுவா!" என்றாள். சாயங்காலம் வரை நான் பிணைத்தது பதினோரு இழை. வாங்கிய திட்டுக்குக் கணக்கே இல்லை. அத்தனையும் என் பேரைச் சொல்லியே விழுந்தது.