ஆட்சேபணை மேசை

என் கணவர் சாமுவேல் ஆர்மராட்டை அடக்கம் செய்த அன்று எங்கள் தெரு முழுவதும் மரியாதைக்காக ஜன்னல் திரைகள் இறங்கியிருந்தன. கறுப்புக் குதிரைகள் பூட்டிய கண்ணாடி வண்டி, பித்தளையில் பெயர் வெட்டிய ஓக் பெட்டி. கல்லறையிலிருந்து திரும்பியவர்களுக்குப் பன்றித் தொடைக்கறி பரிமாறினோம். தட்டில் இருப்பது தீருமுன் அடுத்த துண்டு விழுந்தது. இங்கிலாந்தின் வடக்கே எங்கள் வெதர்கில் ஊரில் ஒரு குடும்பத்தை அதன் வீட்டை வைத்தோ உடுப்பை வைத்தோ யாரும் எடைபோடுவதில்லை. தன் வீட்டுப் பிணத்தை அது எப்படி வழியனுப்பியது என்பதை வைத்துத்தான். மில்லில் வேலை பார்ப்பவர்கள் அடுப்புக்குக் கரி வாங்காவிட்டாலும் அடக்கச் செலவுக்கான சாவுச் சங்கத்துக்கு வாரச் சந்தாவைக் கட்டிவிடுவார்கள். சங்கத்து ஆள் கதவைத் தட்டும்போது இல்லையென்று சொன்ன வீடு பிறகு தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

நான் ஒரு வாரம்கூட இல்லையென்று சொன்னதில்லை. என் அம்மா இல்லையென்று சொல்லியிருக்கிறாள்.

அம்மாவின் பெயர் கெசியா. நான் தொட்டிலில் கிடந்தபோதே அப்பா போய்விட்டார். எனக்குப் பதினோரு வயதானபோது பஞ்சு வராமல் மில் மூடிக் கிடந்தது. அந்தக் குளிர்காலத்தில் சந்தா நின்றுபோயிற்று. பனி உருகுமுன் அம்மாவும் போய்விட்டாள். ஊர்ச் செலவில், பெயரில்லாத பலகைப் பெட்டியில் வைத்து, முன்பின் தெரியாத நாலைந்து பேரோடு ஒரே குழியில் இறக்கினார்கள். கல்லறைத் தோட்டத்தின் கீழ் மூலை. வண்டிக்குப் பின்னால் நடந்தது நான் மட்டும். தெருவில் ஒரு திரைகூட இறங்கவில்லை.

சாமுவேல் என்னைக் கட்டிக்கொள்ளக் கேட்டபோது, அம்மா மலைக்கு அப்பால் தன் சொந்தக் கிராமத்தில், தேவாலய முற்றத்தில், கல் நட்ட கல்லறையில் இருப்பதாகச் சொன்னேன். கடைசி வரை அவர் அதை நம்பினார். என் மகன் வில்ஃப்ரெட்டும் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தான். இதைப் பொய் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். ஆர்மராட் குடும்பத்துக்குள் ஓர் அநாதைப் பிணத்தின் மகளாக நுழைய எனக்கு மனமில்லை.

ஞாயிறுதோறும் சாமுவேலின் கல்லுக்குப் பூ வைத்துவிட்டுக் கீழ் மூலை வழியாக இறங்கி வருவேன். வெறும் புல்தான். அங்கே நின்றால் யாராவது பார்ப்பார்கள். அதனால் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக் கட்டுவேன். கட்டி முடிந்ததும் நடப்பேன்.

1938 செப்டம்பரில் ஹிட்லர் செக் நாட்டில் ஒரு பகுதியைக் கேட்டு மிரட்டிக்கொண்டிருந்தார்; யுத்தம் வரும் என்றார்கள். எங்கள் பூங்காவில் பதுங்குகுழி வெட்டினார்கள். வில்ஃப்ரெட் டவுன் ஹாலில் கடைநிலைக் கிளார்க்காகச் சேர்ந்து படிப்படியாக ஏறியவன். விமானத் தாக்குதல் முன்னேற்பாடு எல்லாம் அவன் பொறுப்பில் இருந்தது. குளிர்காலத்தில் துணை நகரச் செயலாளர் பதவி அவனுக்கு வரும் என்று ஊரே பேசியது. ஒருநாள் மாலை தேநீருக்கு வந்தவன் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தான்.

"பூங்கால ரோஜாப் பாத்தியெல்லாம் வெட்டிப் போட்டுட்டாங்களேடா."

"ரோஜாவாம்மா இப்ப முக்கியம்? லண்டன்லேந்து வந்திருக்கிற கணக்கப் பாத்தா எனக்குச் சோறு எறங்கல."

"என்ன கணக்கு?"

"குண்டு விழுந்தா நம்ம ஊர்ல எத்தன பேரு சாவாங்கன்னு. பெட்டி செய்ய மரம் பத்தாது. நீச்சல் குளத்த வத்த வச்சு அதுல வரிசையா கிடத்தணும். அப்புறம் மொத்தமா ஒரே குழி."

"ஒரே குழியா? பேரு எழுதி அவங்கவங்க வீட்ல குடுக்க மாட்டீங்களா? சங்கத்துக்குக் கட்டினதெல்லாம்?"

"யாரு கை, யாரு காலுன்னு தெரிஞ்சாத்தானே குடுக்க? குழிக்கு இடமும் பாத்தாச்சு. கல்லறைத் தோட்டத்துக் கீழ் மூலை. நான்தான் சொன்னேன்."

நான் கோப்பையைத் தட்டில் வைத்தேன். சத்தம் வரவில்லை.

"அங்க ஏற்கெனவே ஆளுங்க இருக்காங்களேடா."

"அநாதைப் பொணங்கம்மா. கேக்க நாதியில்லாத இடம், அதனாலதான் அதப் புடிச்சோம். எலும்ப அள்ளி, சுண்ணாம்பு போட்டு, சுவரோரம் மூடிடுவாங்க. ஒரு நோட்டீஸ் ஒட்டுவோம். சொந்தக்காரங்க ஒருத்தர் வந்து ஆட்சேபணை சொன்னாலும் வேற இடம் பாக்கணும்னு விதி." அவன் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே சிரித்தான். "எவ வருவா? எங்க ஆத்தா ஊர்க் காசுல பொதைக்கப்பட்டவன்னு எவளாவது வெளிய சொல்லிக்குவாளா?"

அந்தச் சிரிப்பை அவன் என் வீட்டைத் தவிர வேறெங்கும் கற்கவில்லை.

கல்லறைத் தோட்டத்து வாசலில் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஊரில் மற்ற மண்டபங்கள் எல்லாம் எதற்கோ எடுக்கப்பட்டுவிட்டன. அதனால் பள்ளிக்கூட மண்டபத்தில், விஷவாயு முகமூடி கொடுக்கும் அதே மாலையில், ஆட்சேபணையும் கேட்பார்கள் என்று எழுதியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டேன். அம்மாவுக்காக ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் அவள் கிடந்த இடத்தில் கிடப்பாள். சொல்லாவிட்டால் சுண்ணாம்பு வண்டி. வழி நெடுக இதைத்தான் எனக்குள் சொல்லிக்கொண்டு நடந்தேன்.

மண்டபத்துக்குள் ஈரக் கம்பளியும் புது ரப்பரும் கலந்து நாறின. முகமூடி வரிசை சுவரைச் சுற்றி முற்றம் வரை நீண்டிருந்தது. எனக்கு முன்னால் பக்கத்து வீட்டு லெட்டி ஹார்க்கர் நின்றாள்.

"வாங்கக்கா. உங்க மூக்குக்கு இந்த முகமூடியெல்லாம் பத்தாது, தனியா சொல்லித்தான் செய்யணும்."

"என் மூக்கு நிமிந்து இருக்கும் லெட்டி. உன்னோடது மாதிரி அடுத்த வீட்டு ஜன்னல் கண்ணாடில ஒட்டிக்கிட்டு இருக்காது."

வரிசை சிரித்தது. யாரோ ஒருத்தி முகமூடியைப் போட்டுக்கொண்டு திரும்பினாள். "ஏண்டி, கல்யாணத்தன்னிக்கே இதப் போட்டிருந்தா உன் புருஷன் சாராயக் கடைக்கே போயிருக்க மாட்டானே!" என்று இன்னொருத்தி கத்தினாள். மறுபடியும் சிரிப்பு.

மண்டபத்தின் மறுகோடியில் பச்சைத் துணி விரித்த மேசை. அதன் பின்னால் வில்ஃப்ரெட், முன்னால் ஆட்சேபணை என்று எழுதிய அட்டை. அங்கே யாரும் போகவில்லை. ஆனால் சிரிப்பு அடங்கும்போதெல்லாம் பெண்களின் பார்வை அந்தப் பக்கம் போய் உடனே திரும்பியதைக் கண்டேன்.

"ஒருத்தரும் போகல பாத்தீங்களாக்கா?" என்றாள் லெட்டி.

"யாருக்கு அங்க ஆளிருக்கு?"

"அதானே. நம்ம தெருவுல யாருக்கு இருக்கு?" கையுறையைக் கழற்றினாள், மாட்டினாள், மறுபடி கழற்றினாள். "நம்ம தெருவுல யாருக்கும் இல்ல."

கீழ் மூலைப் பாதையில் அவள் கையுறையைத் தவறவிட்டுப் புல்லில் குனிந்து தேடுவதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். இவ்வளவு கவனக்குறைவா என்று நினைத்துக்கொள்வேன். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த வரிசையில் எத்தனை பேருக்கு அங்கே ஆளிருந்ததோ! பக்கத்தில் இருப்பவள் யாராவது முதலில் போகட்டும் என்று ஒவ்வொருத்தியும் காத்திருந்தாள்.

நான் வரிசையை விட்டு வெளியே வந்தேன். மண்டபத்தின் குறுக்கே நடந்தேன். பலகைத் தரை என் பூட்ஸுக்கு அடியில் சத்தமிட்டது.

வில்ஃப்ரெட் தலை நிமிர்ந்தான். "என்னம்மா, வரிசை அந்தப் பக்கம்."

"எனக்கு ஆட்சேபணை இருக்கு."

"எதுக்கு?"

"கீழ் மூலைல எங்கம்மா இருக்கா. கெசியா. எழுது."

அவன் சிரிக்க ஆரம்பித்து நிறுத்தினான். "பாட்டி மலைக்கு அந்தப் பக்கம்... கல்லு வச்சு..."

"கல்லு கிடையாது. ஊர்க் காசுல பொதச்சாங்க. எழுதுடா."

அவன் பேனாவை எடுக்கவில்லை. என் தோளுக்கு மேலே மண்டபத்தைப் பார்த்தான். பேச்சு குறைந்துகொண்டிருந்தது. குரலைத் தாழ்த்தினான்.

"அம்மா, இத எழுதினா காலைல பேரோட பலகைல ஒட்டணும். பத்திரிகைல வரும். ஆர்மராட் வீட்டுப் பாட்டி அநாதைக் குழிலன்னு. பதவிக்குக் கூப்பிடுற நேரம்மா. உன் பேரன் பள்ளிக்கூடத்துல தலை காட்டணும்ல?"

"எழுது."

"நமக்குன்னு ஒரு பேரு இருக்குன்னு நீதானேம்மா சொல்லுவ?"

நான் மேசையை விட்டு நகரவில்லை. அவன் என் கண்ணைப் பார்த்தான். பிறகு எழுந்து நின்று, மண்டபம் முழுவதும் கேட்கும்படி, செல்லமாகச் சொன்னான்.

"எங்கம்மாவுக்குக் கண்ணு மங்கிப் போச்சுங்க! அம்மா, முகமூடி வரிசை அந்தப் பக்கம், அந்தப் பக்கம்!"

மண்டபம் சிரித்தது. லெட்டிதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். ஒருத்தி, "வாங்க பாட்டி, உங்க இடத்த நாங்க பாத்துக்கிட்டுதான் இருக்கோம்" என்றாள்.

எனக்குக் குரல் இருந்தது. ஒரு வார்த்தை உரக்கச் சொல்லியிருந்தால் அவன் எழுதாமல் தப்பியிருக்க முடியாது. ஆனால் சொல்லியிருந்தால், ஊர் முன்னால் என் மகனைப் பொய்யனாக்கி, ஆர்மராட் பெயரைத் தரையில் போட்டிருப்பேன். அவன் நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தால் அவன் செய்ததையேதான் செய்திருப்பேன். நான் வளர்த்த பிள்ளை அவன். முதுகை நேராக வைத்துக்கொண்டு வரிசைக்குத் திரும்பினேன்.

முகமூடி கொடுத்த ஆள் என் தலையில் பட்டைகளை இழுத்து மாட்டி, மூச்சு வரும் வழியை ஓர் அட்டையால் அடைத்தான். "மூச்ச இழுங்க பாட்டி." இழுத்தேன். ரப்பர் முகத்தோடு ஒட்டிக்கொண்டது. உள்ளே ஒன்றும் வரவில்லை. "கச்சிதமா பொருந்துது" என்றான். கழற்றிப் பார்த்தபோது பச்சைத் துணியை மடித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலையே மழையில் வெட்டத் தொடங்கினார்கள். வெட்டியவர்களுக்கு அவசரம். மாலைக்குள் சுண்ணாம்பு வண்டி வந்து சுவரோரம் கொட்டிவிட்டுப் போனது.

அந்த வாரக் கடைசியில் பிரதமர் ஜெர்மனியிலிருந்து திரும்பினார். யுத்தம் இல்லையாம். தேவாலய மணிகள் அடித்தன. தெருவில் ஒருத்தரை ஒருத்தர் கட்டிக்கொண்டு அழுதார்கள். வில்ஃப்ரெட் ஒரு கேக்கோடு வந்தான்.

"அந்தக் குழிய என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டேன்.

"அப்படியே இருக்கட்டும்னு உத்தரவும்மா. அடுத்த வருஷம் வேண்டி வரலாம்."

"எடுத்த எலும்ப திரும்ப..."

"கேக் சாப்பிடும்மா" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். குழியைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். உள்ளே வெறும் மழைத் தண்ணீர், மண் நிறத்தில், விளிம்பு வரை. கயிற்றுக்கு அருகே ஊர்ப் பெண்கள் பலர் குடைகளோடு நின்றார்கள். சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர்கள்போல. யாரும் யாரையும் பார்க்கவில்லை. லெட்டி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நல்லவேளக்கா" என்றாள். "யாருக்கும் ஒண்ணும் ஆகல."

"ஆமா லெட்டி" என்றேன். "யாருக்கும் ஒண்ணும் ஆகல."