நூறு எண்ணும் வரை

பூங்கோதைக்குக் கத்தியைக் கண்டு பயமில்லை; முதுகு ஊசியைக் கண்டுதான் பயம். முதல் பிரசவத்தில், வேறொரு ஆஸ்பத்திரியில், நான்கு முறை குத்தினார்களாம். இரண்டாவது பிள்ளைக்கு ஆபரேஷன் என்றதும், "முழுசா தூங்க வெச்சிடுங்க, இல்லன்னா வூட்டுக்குப் போறேன்" என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

தியேட்டர் உதவியாளரான நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினேன். முதுகெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியவை. நடுவே சிறு சந்து. தலையணையைக் கட்டிக்கொண்டு குனிந்தால் சந்து விரியும், நிமிர்ந்தால் மூடிக்கொள்ளும். முதலில் சின்ன ஊசியால் தோலை மரத்துப்போக வைப்பார்கள். எறும்பு கடித்ததுபோல எரியும். அந்த மருந்து வேலை செய்யக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதன்பின் பெரிய ஊசி போனால் அழுத்துவதுதான் தெரியும்.

"போன தடவ அப்புடி வலிச்சுதே, செல்வநாயகிக்கா?"

"காத்திருந்திருக்க மாட்டாங்க."

அவள் முகம் தெளிந்தது. பீங்கான் கம்பெனியில் பொம்மை வார்ப்பவள். "எங்க அச்சும் அப்புடித்தான்க்கா. மண்கூழ ஊத்திட்டு எண்ணிக்கினே இருப்போம். அச்சு தண்ணிய உறிஞ்சணும். அவசரப்பட்டுக் கவுத்தா பொம்ம கிழிஞ்சிடும். இதுக்கு எத்தன எண்ணணும்?"

"நூறு எண்ணு. போதும்."

தியேட்டரில் நன்றாகவே குனிந்தாள். மயக்க மருந்து டாக்டருக்கு வேப்பூரில் அடுத்த கேஸ். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே தோலில் மருந்தைப் போட்டார். பூங்கோதை சத்தமாக எண்ணத் தொடங்கினாள்.

"பதினெட்டு, பத்தொம்பது, இருவது..."

பெரிய ஊசி இறங்கியது.

"ஐயோ! இன்னும் எம்பது இருக்குதுங்க சார்!"

"இங்க என்ன ஏலமா வுடுறாங்க? கம்முனு இரும்மா."

வலியில் நிமிர்ந்துவிட்டாள். சந்து மூடிக்கொண்டது, ஊசி எலும்பில் முட்டியது. "அழுத்திப் புடிங்க செல்வநாயகி" என்றார். பிடித்தேன். 'ஒரு நிமிஷம் பொறுங்க சார்' என்பது நாக்கு வரை வந்து நின்றுவிட்டது. மூன்றாவது குத்தில்தான் மருந்து உள்ளே போனது. அதற்குள் ஆறு நிமிடம். காத்திருந்தால் ஒன்றரைதான்.

பெண் குழந்தை. எல்லாம் முடிந்து கையுறையைக் கழற்றியபடி டாக்டர் சொன்னார்: "நோயாளி ஒத்துழைக்கலன்னு எழுதிடுங்க. யாருங்க இவளுக்குப் பாடம் நடத்துனது?"

எழுதினேன்.

வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போகையில் பூங்கோதை என் கையைத் தேடிப் பிடித்தாள்.

"நான் மெதுவா எண்ணிட்டனாக்கா?"

அவள் சரியாகத்தான் எண்ணினாள்.

"ஆமாம்மா, கொஞ்சம் மெதுவா எண்ணிட்ட" என்றேன்.