ஞா போட்ட படங்கள்

எழுத்தர் பொத்தானை அழுத்தினாள். நீதிமன்றச் சுவரில் மாட்டியிருந்த பெரிய திரையில் எவுசேபியா வில்யால்பா என்ற பெயர் வந்தது, அடையாள அட்டை எண் வந்தது. வீட்டின் படம் வர வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைக் கட்டம் வந்து நின்றது. அடுத்த பெயர் பெட்ரோனா ஐயாலா. அங்கேயும் வெள்ளைக் கட்டம். அதற்கடுத்த சிரீலோவின் வீடு மட்டும் பளிச்சென்று வந்தது, வாசலில் அவன் பனியனோடு இளித்துக்கொண்டு நின்றான். அதற்கடுத்து மறுபடியும் வெள்ளை.

முன்பெஞ்சில் நிமியா ஓவேலார் நெளிந்தாள். திரையில் ஓடிய அந்த இணையதளத்தைக் கட்டியவள் அவள்தான். காப்பீட்டு நிறுவனத்தில் கணினி வேலை பார்த்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து, அசுன்சியோன் நகரத்து ஆற்றங்கரைக் குடியிருப்பான பாஞாதோவின் மக்கள் சங்கத்துக்காகக் கட்டிக் கொடுத்தாள். அந்த மக்களெல்லாம் அவள் முதுகுக்குப் பின்னால் பெஞ்சுகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் அந்த வெள்ளைக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

விஷயம் இதுதான். பராகுவே ஆறு பொங்கி வந்து பாஞாதோவின் தாழ்ந்த பக்கத்தை மொத்தமாக வழித்துக்கொண்டு போய்விட்டது. வெள்ளத்துக்கு முன்னால் அங்கே வீடு வைத்திருந்தவர்களுக்கு மேட்டில் மனை தர வேண்டும் என்று வழக்கு. அந்த மேட்டின் மேல் ஒரு கட்டட நிறுவனத்துக்குக் கண். அக்கம்பக்கத்தார் சாட்சி செல்லாது, அவர்களும் மனை கேட்கிறவர்கள்தானே என்று நீதிபதி சொல்லிவிட்டார். மிச்சமிருந்த ஆதாரம், வெள்ளத்துக்கு முந்தைய ஆண்டு சங்கத்துக்காக வீடு வீடாகப் போய் எடுத்த படங்கள்தான். படம் உள்ளவருக்கு மனை, இல்லாதவருக்கு இல்லை. நிமியாவின் அம்மா மார்சியானாவும் அந்தப் பட்டியலில் ஒருத்தி. வெள்ளம் வந்த நாளிலிருந்து பூங்கா ஓரத்தில் பலகையும் தார்ப்பாயும் போட்ட குடிசையில் கிடக்கிறாள். மகளின் வாடகை அறைக்கு வரமாட்டேன் என்று ஒரே பிடிவாதம்.

கட்டட நிறுவனத்தின் வக்கீல் ரோலோன் எழுந்தார். நல்ல வெயிலிலும் கோட்டுப் பொத்தானைக் கழற்றாத ஆசாமி. சில வீடுகள் தெரிகின்றன, சில வீடுகள் தெரியவில்லை, தெரியாத வீடுகள் கட்டப்படாத வீடுகளாகவே இருக்கலாம் என்று மெதுவாக, பெரிய மனது பண்ணுகிற மாதிரிச் சொன்னார்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். தான் சாப்பிடப் போவதாகவும், திரும்பி வரும்போது படங்கள் திரையில் இருக்க வேண்டும் என்றும் சொன்னார். இல்லையென்றால் இல்லை என்றே எழுதிவிடுவார். படங்களின் கோப்புகள் கிடக்கும் கணினி அடைவை நோட்டரி முத்திரையிட்டுப் போயிருக்கிறார், அதற்குள் ஒரு கோப்பின் பெயரோ தேதியோ மாறினாலும் மொத்த ஆதாரமும் தள்ளுபடி என்று நிமியாவைப் பார்த்து இன்னொரு தடவை அழுத்திச் சொல்லிவிட்டுப் போனார்.

தாழ்வாரத்து மரப்பெஞ்சில் மடிக்கணினியைப் பிரித்தாள் நிமியா. போன வாரம்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. அடைவில் என்ன கிடந்ததோ அதை அப்படியே வரிசையாகக் காட்டியது தளம். அடையாள அட்டையில் உள்ள பெயரிலேயே படத்தைக் காட்டச் சொன்னது நீதிமன்றம்தான். அதனால் அட்டைப் பெயரை வைத்தே ஒவ்வொரு படத்துக்கும் இணைய முகவரி தானாக உருவாகும்படி பக்கத்தை மாற்றி எழுதினாள். நாலைந்து ஆண்களின் பெயரைத் தட்டிப் பார்த்தாள், வந்தது, போதும் என்று விட்டுவிட்டாள். அந்தப் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பெரிய எழுத்து, சிறிய எழுத்துத் தகராறா என்று பார்த்தாள். இல்லை. தளத்தை வேறு சர்வருக்கு மாற்றியபோது பாதை பிசகிவிட்டதா என்று பார்த்தாள். பிசகியிருந்தால் சிரீலோ மட்டும் எப்படி வருவான்? அடைவைத் திறந்து எவுசேபியாவைத் தேடினாள். எவெலியோ இருந்தான், எவெர் இருந்தான். எவுசேபியா இல்லை. பெட்ரோனாவும் இல்லை.

படம் எடுத்தவன் டெர்லீஸ் கஞேதே. மோட்டார் சைக்கிள் மெக்கானிக். நிமியாவோடு குடும்பம் நடத்தினவன்தான், சர்ச்சும் கிடையாது, பதிவும் கிடையாது, பாஞாதோவில் பாதிப்பேர் நடத்துகிற மாதிரி. பக்கத்து ஊரான லம்பாரேயில் இன்னொருத்தி இருப்பது தெரிந்த அன்று நிமியா அவனை வெளியே தள்ளினாள். இந்த வழக்கில் சாட்சி சொல்லும்போது, படம் எடுத்தவனும் தளம் கட்டியவளும் கூட்டு என்று பேச்சு வரக்கூடாதென்று, அந்த ஜூன் மாதக் குளிர்காலத்திலிருந்து தனக்கும் அவனுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறாள். இப்போது அவன் எதிரே நின்று தொப்பியைக் கசக்கிக்கொண்டிருந்தான்.

"என்ன பேரு போட்டு ஏத்தின?" என்றாள், தலையைத் தூக்காமல்.

"அவங்கவங்க பேரத்தான் போட்டேன்."

"எவுசேபியானு போட்டியா?"

"போட்டேன்னு சொல்றேன்ல. நீ என்னிக்கு என்னை நம்பின?"

"நம்பினதுக்குத்தான் லம்பாரேல வட்டியும் முதலுமா கிடைச்சுதே."

படம் எடுத்த கைப்பேசி எங்கே என்று கேட்டாள். ஆற்றோடு போய்விட்டதாம். சனியன், எதையாவது பத்திரமாக வைத்திருந்த சரித்திரம் உண்டா அவனுக்கு.

நீதிமன்றக் காவலர் ஒருவர் வெளியே வந்து, எவுசேபியா வில்யால்பா யார், கையெழுத்துப் போட வரவேண்டும் என்று கூப்பிட்டார். யாரும் அசையவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டார். எவுசேபியா ஜன்னலோரம் உட்கார்ந்து, யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று சிப்பா ரொட்டியைப் பிட்டுத் தின்றுகொண்டிருந்தாள். வயதான பெண்ணை அப்படி மொட்டையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட பாஞாதோவில் எவனுக்கும் துணிச்சல் வராது. அவளே தன் வெறும் பெயரைக் கேட்டு எத்தனை காலமோ.

"ஞா எவுசேபியா, உங்களைத்தான்" என்றான் டெர்லீஸ்.

"என்னையா? அப்பிடிச் சொல்லித் தொலைய வேண்டியதுதானே" என்று அவள் மடியிலிருந்த துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

நிமியா சட்டென்று மடிக்கணினிப் பக்கம் திரும்பினாள். ஞா. அட்டையில் ஏது ஞா? அது மரியாதை, பெயர் இல்லை. அடைவின் கடைசிக்கு ஓடினாள். ஸ்பானிய மொழியில் N எழுத்தின் தலையில் நெளிகோடு போட்டு எழுதுகிற ஞ, இயந்திரத்தின் கணக்கில் ஆங்கில எழுத்துகளுக்கெல்லாம் வெளியே நிற்கும் எழுத்து, இசட்டுக்கும் கீழே போய் விழும். அங்கே இருந்தார்கள் எல்லோரும். ஞா எவுசேபியா, ஞா பெட்ரோனா, ஞா சுனில்தா, வரிசையாக, ஒருத்தி விடாமல். கோப்புக்குப் பெயர் வைக்கும்போதுகூட அவன் விரலுக்கு ஞா போடாமல் எழுத வரவில்லை. ஆண்களுக்கு மட்டும் எந்த மரியாதையும் வைக்கவில்லை, பாதிப்பேர் அவனோடு பந்து விளையாடுகிறவர்கள்.

"ஏன்டா, சங்கத்துக் கணினில போயி ஞானு எழுதி வச்சிருக்கியே" என்றாள்.

"பின்ன? வெறும் பெட்ரோனானு எழுதச் சொல்றியா? தெரிஞ்சா பல்லை உடைச்சிருவாங்க."

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது அவளுக்கு. தாழ்வாரத்தின் கோடியில் நீதிபதியின் குரல் கேட்டது, சாப்பிட்டு முடித்து யாரோடோ பேசிக்கொண்டு வருகிறார். கோப்புகளின் பெயரிலிருந்து ஞாவை வெட்டிவிட்டால் கண்மூடித் திறப்பதற்குள் எல்லாம் சரியாகிவிடும். விரல் விசைவரை போய்விட்டது. முத்திரை. அந்த ஒரு தட்டு தட்டினால் வெள்ளம் விட்டுவைத்ததையும் அவளே அழித்தவளாவாள். கையை இழுத்துக்கொண்டாள்.

சர்வரின் அமைப்புக் கோப்பு முத்திரைக்கு வெளியே இருந்தது. அதில் ஆளுக்கு ஒரு வரி எழுதினாள், இந்த முகவரியைக் கேட்டால் அந்தக் கோப்பை எடுத்துக் கொடு என்று. கோப்பு இருந்த இடத்திலேயே, இருந்த பெயரிலேயே இருக்கும், கேட்கிறவனுக்கு மட்டும் வழி தெரியும். ஒரே விதியாக எழுதி எல்லோருக்கும் ஞாவை ஒட்டியிருக்கலாம். ஆனால் இயந்திரம் குத்துமதிப்பாகத் தேடுகிறது என்று ரோலோன் பிடித்துக்கொள்வார். பெயர் பெயராக எழுதினாள். வெள்ளைக் கட்டங்கள் ஒவ்வொன்றாக வீடுகளாக மாறின. பக்கத்தில் நின்ற பெண்கள் தங்கள் தகரக் கூரையையும் கோழிக்கூட்டையும் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

கடைசியில் ஒரே ஒரு கட்டம் வெள்ளையாக நின்றது. மார்சியானா ஓவேலார். அடைவில் ஞா மார்சியானா இல்லை. ஆள் இல்லாமல் மிச்சம் நின்ற கோப்பும் ஒன்றே ஒன்றுதான். அதன் பெயர் 'மி சுவேக்ரா'. என் மாமியார்.

தேதியைப் பார்த்தாள். நவம்பர். அவனை அவள் வெளியே தள்ளியது அதே ஆண்டு ஜூன் மாதத்தில். இனி அந்த நாயை வாசலில் சேர்க்கக் கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கியதும் ஜூனில்தான். டெர்லீஸை நிமிர்ந்து பார்த்தாள். அவன் முகத்தில் ஈயாடவில்லை. பெஞ்சுக் கோடியில் அம்மா வேண்டுமென்றே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டு பேரும் சேர்ந்து நடத்தியிருக்கிறார்கள். பெற்ற மகளைக் கேணச்சியாக்கிவிட்டு, அவனுக்குச் சோறு.

காவலர் உள்ளே வரச் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு அந்த வரியையும் எழுதினாள்.

நீதிபதி அவசரப்படவில்லை. நிமியா எழுதிய வரிகளைத் தாளில் எடுக்கச் சொன்னார், டெர்லீஸைச் சத்தியம் செய்ய வைத்து, பட்டியல் வரிசையில் ஒவ்வொரு கோப்பும் யாருடையது என்று கேட்டார். ஞா என்பதற்கு அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை, அவரும் அசுன்சியோன்காரர்தான். வரிகள் ஒவ்வொன்றாக ஏற்கப்பட்டன. ரோலோன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'என் மாமியார்' வந்ததும் எழுந்துவிட்டார்.

திரையில் நீலக் கதவு போட்ட பலகை வீடு. வாசலில் ஒரு பெண், மேலங்கியைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டு. புகைப்படக் கருவியைக் கண்டாலே மார்சியானா செய்கிற காரியம் அது.

"முகம் தெரியல. பேரும் இல்ல" என்று ரோலோன் நிமியாவைக் காட்டினார். "இந்த அம்மா எழுதிக் கொடுத்தபடி ஜூன்லயே உறவு முடிஞ்சாச்சு. படம் நவம்பர்ல எடுத்தது. நவம்பர்ல இவருக்கு மாமியார்னா, அது லம்பாரேல இருக்கிற மாமியாராத்தானே இருக்கணும்?"

பெஞ்சுகளில் கசமுசாவென்று பேச்சு எழுந்தது. பின்வரிசையில் எவனோ சிரித்தே விட்டான். நிமியாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தன் வீட்டுக் குப்பையை இந்தக் கோட்டுப் போட்டவன் ஊர் நடுவில் கொட்டிக் கிளறுகிறானே என்று இருந்தது. டெர்லீஸ் வாயைத் திறந்தான். உன்னைக் கேட்கவில்லை என்று நீதிபதி அவனை உட்கார வைத்தார். அவன் என்ன சொன்னாலும் தன் சௌகரியத்துக்குச் சொன்னதாகத்தான் ஆகும்.

"நீங்க சொல்லுங்கம்மா" என்றார் நிமியாவிடம். "உறவு முடிஞ்சுதுன்னு எழுதினது நீங்க. அது உண்மைதானே?"

"உண்மைதான்."

"அப்போ நவம்பர்ல உங்கம்மா இவருக்கு மாமியாரா, இல்லையா?"

இல்லை என்றால் அம்மாவுக்குத் தார்ப்பாய்தான், சாகிறவரைக்கும். உண்டு என்றால் தான் எழுதிக் கொடுத்தது பொய் என்று ரோலோன் எல்லாப் படங்களையும் சேர்த்துக் கவிழ்ப்பார். டெர்லீஸ் அந்த வீட்டுக்கூரையை மராமத்துப் பார்த்ததும், அம்மா அவனுக்கு மரவள்ளிக்கிழங்கு அவித்துப் போட்டதும், கேட்காமலே நிமியாவுக்கு இப்போது தெரிந்தது. அவளுக்கு மட்டும்தான் தெரியாமல் இருந்திருக்கிறது, பாஞாதோ முழுக்கத் தெரிந்திருக்கிறது. அவமானமாக இருந்தது. இருந்தாலும் பொய் சொல்ல அவசியம் இல்லை என்பதும் அதே நேரத்தில் புரிந்தது.

"அத்துக்கிட்டது நானும் இவரும்" என்றாள். "எங்கம்மா இவர அத்துக்கல. நான் சொல்லியும் அத்துக்கல. இவருக்கு மாமியார்னா அவங்க ஒருத்திதான். லம்பாரேக்காரியோட அம்மாவ இவரு ஞானு கூடக் கூப்பிட்டிருக்க மாட்டாரு."

யாரும் சிரிக்கவில்லை. ரோலோன் ஏதோ சட்டப் பிரிவைச் சொல்ல ஆரம்பித்தார். ஒரு பெண் தனக்கே எதிராகப் பொய் சொல்வதை இதுவரை பார்த்ததில்லை என்று நீதிபதி அவரை உட்காரச் சொன்னார்.

"எழுதிக்கோங்க" என்றார் எழுத்தரிடம். "படத்தில் இருப்பவர் மார்சியானா ஓவேலார், டெர்லீஸ் கஞேதேயின் மாமியார். வீடு இருந்தது."

பின்னால் அம்மா வாய்விட்டு அழுவது கேட்டது. நிமியா திரும்பவில்லை. அம்மா மேலும் கோபம், அவன் மேலும் கோபம், இரண்டும் கொஞ்சமும் குறையவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த பெயரைப் போடச் சொன்னாள்.