களிம்புக்கு முன் ஒரு கேள்வி

அமல்ராணி தன் வயிற்றில் இருப்பதை யாரிடமும் சொல்லவில்லை. முன்பு இரண்டு முறை சொன்னாள். இரண்டு முறையும் தங்கவில்லை. இந்தத் தடவை வாயைத் திறக்காமல் இருந்தாலே பிள்ளை நிலைக்கும் என்று அவளுக்குள் ஒரு பிடிவாதம். மாதாவிடம்கூட மனசுக்குள்தான் சொல்லியிருந்தாள்.

படர்தாமரையை அப்படி மறைக்க முடியுமா? கடலைக்கொல்லையில் மல்லாட்டை பிடுங்கப் போய்வந்த பிறகு முழங்கையில் தொடங்கி மேலே படர்ந்தது. அரிப்பு தூங்கவிடவில்லை. மாமியார் சவேரியம்மாள் பிரம்மதேசத்திலிருந்து வண்டி கட்டி, அவளைத் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கு இழுத்து வந்துவிட்டாள். வழியெல்லாம் பேச்சு. அவள் பேசாத நேரம் என்றால், கோயில் பூசையில் நன்மை அப்பம் வாங்க நாக்கை நீட்டும் நேரம்தான்.

டாக்டர் பார்த்துச் சீட்டு எழுதினார். மருந்து ஜன்னலில் கம்பவுண்டர் தேவசகாயம் களிம்பு டப்பாவை எடுத்தாரே தவிர, உடனே கொடுத்துவிடவில்லை. சொறிந்து புண்ணாகியிருக்கிறதா என்று பார்த்தார். கண்ணருகே படக்கூடாது, முதலில் துளி தடவி ஒரு நாள் பார்க்க வேண்டும், வீட்டில் வேறு யாரும் தொடக்கூடாது என்றார். தன் முழங்காலுக்கும் கொஞ்சம் இழுக்கலாம் என்று இருந்ததாகச் சவேரியம்மாள் வருத்தப்பட, வரிசையே சிரித்தது.

"இதுல பாதரசம் கலந்திருக்குதும்மா. முழுகாம இருக்கிறியா?"

"அதுக்கெல்லாம் நாங்க குடுத்து வெக்கலீங்க," என்று மாமியார் முந்திக்கொண்டாள். "ஜல்தி குடுங்க, வண்டிக்காரன் பேஜாரு பண்ணுவான்."

"உங்களக் கேக்கல. தடவிக்கப்போறது அது."

அமல்ராணி தரையைப் பார்த்தாள். வாங்கிப் போய்த் தடவாமல் விட்டால் என்ன? மாமியார் விடமாட்டாள், தன் கையாலேயே தேய்த்துவிடுவாள். சொன்னால் போய்விடுமோ என்று பயம். சொல்லாவிட்டாலோ, இந்த டப்பாவே கொண்டுபோய்விடும். ஜன்னலுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். வரிசை காத்திருந்தது.

"இருக்கேங்க," என்றாள்.

தேவசகாயம் டப்பாவை அலமாரியில் வைத்துவிட்டு, டாக்டரைக் கேட்டுவந்து வேறொரு வெள்ளைக் களிம்பைக் கொடுத்தார். இது அரிப்பை மட்டும் அடக்கும், படையைப் பிள்ளை பிறந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

சவேரியம்மாள் வாயைத் திறந்தபடி நின்றாள். அமல்ராணி அவள் கையைப் பிடித்து, யாரிடமும் சொல்ல வேண்டாம், புருஷனிடம் தானே சொல்வதாகக் கெஞ்சினாள். மாமியார் தலையாட்டினாள். வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு மருமகளை ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போனாள். பட்டாளத்துக்காரர்கள் நெருக்கியடித்த ரயிலில், பேச்சு வெளியே வந்துவிடாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க விழுப்புரம்வரை உட்கார்ந்திருந்தாள்.

விழுப்புரத்தில் என்ஜின்களுக்குக் கரி ஏற்றும் அவள் மகன் அமிர்தசாமி, தகவல் கேட்டு ஓடிவந்தான். பேசாமல் நின்ற தாயைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"அம்மாவுக்கு என்னாச்சு? பேச்சு நின்னுபோச்சா?"

அமல்ராணிக்குச் சிரிப்பு பொங்கியது.

"அவுங்களுக்கு ஒண்ணுமில்ல. நான்தான் முழுகாம இருக்கேன்."

அவன் பிளாட்பாரம் என்றும் பாராமல் அவள் கையைப் பற்றினான்.

"கைய எடுடா," என்றாள் சவேரியம்மாள், அழுதுகொண்டே. "அதுல படை இருக்குது, ஒட்டிக்கும்."

அவன் எடுத்தான். சுற்றிவந்து மறுகையைப் பிடித்துக்கொண்டான்.