பொறாமைக்கு ஒரு நிறம்

“சுரண்டிடு” என்றாள் அக்கா. “லாரி பின்னாடி எரியுற லைட்டு மாதிரி இருக்கு.”

தங்கை கத்தியை எடுத்து, அப்போதுதான் பூசிய சிவப்பைக் கேன்வாஸிலிருந்து வழித்தாள். காலை பத்து மணி. கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, அக்காவின் முதுகுக்கு மூன்று தலையணை கொடுத்திருந்தார்கள். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மருத்துவமனையிலிருந்து அனுப்பி மூன்று வாரம் ஆகிறது. வயிற்றில் தொடங்கியது இப்போது எங்கெல்லாம் இருக்கிறது என்று வீட்டில் யாரும் கேட்டுக்கொள்வதில்லை.

அக்கா தையல்காரி. இருபத்தெட்டு வருஷம் பள்ளிச் சீருடை தைத்தவள். துணியைக் கடைவாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் ஒரு தரம் பார்த்தால் போதும். அவள் எடுக்கிற நூலின் நிறம் துணியோடு துணியாகிவிடும். தங்கை ஓவியம் சொல்லித்தருகிறவள். அவள் போடுகிற படங்களில் ஆள், மரம், வீடு எதுவும் இருக்காது. “இதுல எந்தப் பக்கம் மேல?” என்று அக்கா கிண்டல் செய்வாள்.

இந்தப் படம் அக்காவின் நோயைப் பற்றியது. சொல்லாமல்தான் தொடங்கினாள். போன வாரம் விஷயம் தெரிந்ததும் அக்கா கொதித்துப் போனாள். “நான் சாகுறத வேடிக்கை பாத்துப் படம் போடுறியா?” இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் தானாகவே கூப்பிட்டாள்.

“எங்க, என்னதான் போட்டிருக்க, காட்டு.”

கேன்வாஸ் முழுக்கக் கருப்பும் சிவப்பும்.

“யாருக்கு வந்த வியாதி இது? வலி கருப்பா இருக்கும்னு உனக்கு யாரு சொன்னா? வலி வெள்ளைடீ. கண்ணுக்கு நேரா டியூப்லைட்டப் புடிச்ச மாதிரி.”

“அப்போ பயம்?”

“பச்சை. ரிப்போர்ட்டுக்காக உக்காந்திருந்தோமே, அந்தச் சுவத்துல இடுப்பு ஒசரத்துக்கு அடிச்சிருந்தானே, அந்தப் பச்சை. மூணு மணி நேரம் அதையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

அதிலிருந்து அக்கா சொல்லச் சொல்ல வெள்ளையும் பச்சையும் ஏறின. இன்று காலை வலது கீழ்மூலை மட்டும் பாக்கி; சிவப்பைச் சுரண்டியது அங்கேதான்.

“அங்க என்னக்கா வரணும்? சிவப்பு வேணாங்கிற, ஊதாவும் வேணாங்கிற. எதுக்குன்னாவது சொல்லேன்.”

அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

“பொறாமைக்கு.”

“யார் மேல?”

“உன் மேலதான். வேற யாரு மேல? நீ இருக்கப்போற இல்ல.”

தங்கை கத்தியில் ஒட்டியிருந்த சிவப்பைத் துணியில் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

“மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத. கேட்ட, சொன்னேன். கலந்து எடுத்துட்டு வா. பேரு தெரியாது எனக்கு. பாத்தா சொல்லிடுவேன்.”

பின்வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து கலந்தாள். காகிதத் துண்டில் தீட்டிக் கொண்டுபோய்க் காட்டினாள். பழுத்த இலையின் மஞ்சள். “ம்ஹூம்.” சாம்பல் கலந்த ஆரஞ்சு. “கிட்ட வந்துட்ட. இன்னும் கொஞ்சம் அழுக்குப் பண்ணு.” குரல் தேய்ந்திருந்தது. கால்மாட்டில் ஸ்டூலைப் போட்டு, அத்தான் அக்காவின் பாதத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தார். மூன்று வாரமாக அவருக்கு அதுதான் வேலை.

மூன்றாவதுக்கு நேரம் பிடித்தது. பழுப்பு ஒரு துளி கூடினாலும் நிறம் செத்துவிடும். ஒருவழியாகப் படிந்துவந்தபோது, இதுதான் என்று அவளுக்கே தெரிந்தது. சந்தோஷமாகத்தான் உள்ளே ஓடினாள்.

“அக்கா, இதப் பாரு.”

அக்காவின் கண் பாதி திறந்திருந்தது. தங்கை காகிதத்தை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். ஜன்னல் பக்கம் சாய்த்து, வெளிச்சம் படும்படி பிடித்தாள்.

அத்தான் பாதத்திலிருந்து கையை எடுக்கவில்லை. “இப்பத்தாம்மா” என்றார். “உன்னக் கூப்பிடணும்னு வாயெடுத்தேன்.”

நீட்டிய கையை மடக்க அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று.

அக்கம்பக்கத்தார் வந்தார்கள். தையல்கடைப் பெண்கள் நாலு பேர் வேலையைப் போட்டது போட்டபடி வந்தார்கள். கட்டிலைக் கூடத்துக்கு நகர்த்த இடம் வேண்டியிருந்தது. அத்தான் கேன்வாஸைத் தூக்கினார்.

“என்ன படம்ங்க இது? ஒண்ணும் புரியலையே” என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

தங்கை பாக்கியிருந்த மூலையைப் பார்த்தாள்.

“அவ பாத்துக் குடுத்த கலருங்க” என்றார் அத்தான்.

படம் இன்னும் காயவில்லை. சட்டையில் படாமல் இரண்டு கையாலும் தள்ளிப் பிடித்தபடி, எங்கே வைப்பதென்று தெரியாமல் வாசலருகே நின்றார். வந்தவர்கள் உடம்பை ஒடுக்கிக்கொண்டு, ஒவ்வொருவராக அவரைக் கடந்து உள்ளே போனார்கள்.