மில் வாசல் கரும்பலகை

ராஜபாளையத்து நூல் மில் வாசல் கரும்பலகையில், 'சீன விருந்தினர் ஆதில் அவர்களே வருக' என்று இங்கிலீஷில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. இஸ்தான்புல்லிலிருந்து நூல் வாங்க வந்த ஆதில் அதைப் படித்துவிட்டு அங்கேயே நின்று, வரவேற்க வந்த மேனேஜரிடம் சொன்னார்.

"நான் சீனன் இல்லை, உய்குர் இனத்தவன். சொந்த ஊர் காஷ்கர், சீனா பிடித்து ஆளும் எங்கள் மண். அம்மா இன்னும் அங்கேதான். வெளிநாட்டிலிருந்து போன் போனாலே அவளைப் பிடித்து அடைத்துவிடுவார்கள்; அவள் குரலைக் கேட்டு வருஷக்கணக்காகிறது. மாற்றி எழுதச் சொல்வீர்களா?"

காவலாளி ஐயாதுரை துணியோடு வந்தார். "அழிச்சிரட்டுமா சார்?"

மேனேஜர் நவநீதகிருஷ்ணனுக்கு எரிச்சல். உள்ளே புது மெஷின் பூட்டும் சீன இன்ஜினியர்கள் பார்த்து முகம் சுளித்தால் முதலாளி இவர் தோலைத்தான் உரிப்பார். "இருக்கட்டும்யா, பொறவு பாப்போம்" என்றார். அத்தோடு விட்டிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே! ஆதிலிடம் திரும்பி, "உங்க ஆட்களே அங்கே வெளியிலிருந்து வந்தவங்கதானாமே? ஆயிரம் வருஷம்தான் ஆச்சாம், இன்ஜினியர் சொன்னார்" என்று சிரித்தார்.

ஆதில் உள்ளே போய் நூலைப் பார்த்தார்.

சாயங்காலம் மதுரை விமானத்துக்கு வழியனுப்பப் போன நவநீதகிருஷ்ணன், ஸ்ரீவில்லிபுத்தூரில் காரை நிறுத்திப் பால்கோவா வாங்கிக் கொடுத்தார். அப்போது மனைவி போன் செய்தாள். வழக்கம்போல் தெலுங்கில் பேசி வைத்தார்.

"இது தமிழ் இல்லையே?" என்றார் ஆதில்.

"தெலுங்கு. எங்க வீட்டுப் பாஷை. முன்னோர் வடக்கேயிருந்து வந்தவங்க. ஐந்நூறு வருஷம் இருக்கும்."

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு உறைத்துவிட்டது. போன வருஷம் டீக்கடையில் ஒருத்தன் 'வந்தேறிப் பய' என்றதற்கு, "ஏலே, எங்க முப்பாட்டன் வெட்டின கண்மாய்த் தண்ணியத்தாம்லே நீ குடிக்க" என்று அவன் சட்டையைப் பிடித்தவர் இவர். காலையில் அதே வார்த்தையைத்தான் பல்லைக் காட்டிக்கொண்டு சொல்லியிருக்கிறார். ஆதில் திருப்பிக் கொடுக்கட்டும், தனக்கு வேண்டியதுதான் என்று தலை குனிந்து நின்றார்.

"ஐந்நூறு வருஷமா?" என்றார் ஆதில். "அப்படியென்றால் இது உங்கள் ஊர்தான்."

குத்தலே இல்லை. மனதாரச் சொன்னார். குத்தியிருந்தால்கூட நவநீதகிருஷ்ணன் தாங்கியிருப்பார். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. ஆதிலை டிரைவரோடு காரில் அனுப்பிவிட்டு, பஸ் ஸ்டாண்டில் நின்று ஐயாதுரைக்குப் போன் போட்டார்.

"போர்டுல சீனாவ அழிச்சு உய்குர்னு எழுதுய்யா."

"அவிய போயாச்சே சார்! இனி அந்தச் சீனாக்காரவுகதான் பாப்பாக."

"பாக்கட்டும்" என்றார். அதைக் காலையிலேயே சொல்லியிருக்க வேண்டும். வெட்கத்தில் காது சுட்டது.