ஆமணக்கு, ஏழாம் ஜாடி

கழுத்தைத் திருப்ப முடியவில்லை. இடுப்பு வலி புழுக்காரிக்குப் பழைய சொத்து, அதோடு குடும்பம் நடத்தப் பழகிவிட்டாள். கழுத்து வலிதான் புதுச் சம்பந்தம். ஆறு மாதமாகப் பூச்சி ஆராய்ச்சிக் கூடத்து ஸ்டூலில் உட்கார்ந்து, லென்ஸுக்குக் கீழே வெட்டுப்புழுவின் முட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணியதில் வந்தது.

அதற்கு முன் பதினொரு வருடம் வயலில். அங்கே வேலை நேர் எதிர். இலையைத் திருப்பு, முட்டைக் குவியல் கண்ணில் பட்டால் கட்டைவிரலால் நசுக்கு, அடுத்த இலைக்குப் போ. காலையில் குனிந்த இடுப்பு சாயங்காலம்தான் நிமிரும். சில நாள் அதுவும் நிமிராது. இங்கேயோ அதே பூச்சிக்குக் கண்ணாடி ஜாடி, பஞ்சில் நனைத்த தேன்தண்ணீர். "புழுவுக்கு ஆயா வேலை பாக்கறது எங்க அண்ணி ஒருத்திதான்" என்று வயல் முழுக்கச் சொல்லி புழுக்காரி என்ற பேரை நிலைநாட்டியவள், வயலில் கூட வேலை பார்த்த நாத்தனார்.

ஆராய்ச்சி இவ்வளவுதான்: ஒரே புழுவை ஆமணக்கு, முட்டைக்கோஸ், பருத்தி என்று மூன்று இலைகளில் தனித்தனியாக வளர்த்தால் எது எவ்வளவு தின்கிறது, பூச்சியான பிறகு எத்தனை முட்டை இடுகிறது. ஆராய்ச்சியை நடத்தும் மேடம் இதற்கு மூன்று வரி நீளத்தில் தலைப்பு வைத்திருந்தார். புழுக்காரிக்குப் பார்த்தாலே தெரிந்தது. ஆமணக்குக் கூட்டம் சொந்த வீட்டுச் சோறு மாதிரி நரம்பை மட்டும் மிச்சம் வைத்துத் தின்று கொழுக்கும். கோஸ் கூட்டம் பரவாயில்லை. பருத்திக் கூட்டம் மாமியார் எதிரில் உட்கார்ந்த மருமகள் மாதிரி ஓரத்தைக் கொறிக்கும். இளைத்துப்போய், ஒரு வாரம் பிந்திக் கூட்டுப்புழுவாகும். முட்டையிலும் அதே கதை. ஆமணக்குப் பூச்சி ஆயிரத்தைச் சாதாரணமாகத் தாண்டும், பருத்திப் பூச்சிக்கு ஐந்நூறிலேயே மூச்சு வாங்கும்.

வெள்ளிக்கிழமையோடு எண்ணிக்கை முடிகிறது. அதோடு இந்த வேலையும் முடியும். திங்கட்கிழமை மறுபடி வயலில் குனியவேண்டும். நினைத்த மாத்திரத்தில் இடுப்பு முன்கூட்டியே வலித்தது.

வியாழன் காலை நாத்தனார் ஆமணக்கு இலைக்கட்டோடு வந்து இறங்கினாள்.

"என்ன அண்ணி, பிள்ளைங்கல்லாம் சாப்பிட்டாச்சா?"

"மெதுவாப் பேசுடி. ஏழாம் ஜாடிக்காரி இப்பதான் பெத்துட்டுப் படுத்திருக்கா."

"இதுங்களுக்குத் தேன்தண்ணி வைக்கறீங்களே, எங்கண்ணன் உங்களுக்கு என்னைக்காவது வச்சாரா?"

"உங்கண்ணன் வெறும் தண்ணி வச்சாலே நான் தேன்னு குடிச்சுக்குவேன்."

சிரித்தபடியே ஏழாம் ஜாடியைத் திறந்து, முட்டை இட்டிருந்த இலையை வெளியே எடுத்தாள். நாத்தனார் விடுவாளா? வயல் மேஸ்திரி வரப்பில் வழுக்கி, கையைக் காலை ஆட்டி, கடைசியில் சேற்றில் உட்கார்ந்ததை நடித்துக் காட்ட ஆரம்பித்தாள். புழுக்காரியின் கண் அவள்மேல். கை இலைமேல். கை தன் பாட்டுக்கு இலையைத் திருப்பியது. தாய்ப்பூச்சியின் பழுப்பு ரோமம் போர்த்திய முட்டைக் குவியலைத் தடவிக் கண்டுபிடித்தது. கட்டைவிரலை வைத்து ஒரே அழுத்து.

சத்!

மேஸ்திரி சேற்றிலேயே நின்றுபோனார்.

"அண்ணி... நசுக்கிட்டீங்க."

"நான் எங்கடி நசுக்கினேன்? கை நசுக்கிடுச்சு!"

முதலில் யாருக்குச் சிரிப்பு வந்தது என்று சொல்லமுடியாது. நாத்தனார் இலைக்கட்டின்மேல் சாய்ந்து புரண்டாள். புழுக்காரி சிரித்த சிரிப்பில் கழுத்து சுளுக்கு விட்டுப்போனது. "ஐயோ, திரும்புது, திரும்புது" என்று இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்த்து அதற்கும் சிரித்தாள். கடைசியில் கண்ணைத் துடைத்தபோதுதான் பதிவேட்டில் ஏழாம் ஜாடிக் கட்டம் காலியாக இருப்பதைப் பார்த்தாள்.

"முந்நூறுன்னு எழுதிடுங்க," என்றாள் நாத்தனார். "பூச்சி வந்து சாட்சி சொல்லப்போகுதா?"

எண்ணாமல் எழுதுவதென்றால் முதல் நாளே எழுதியிருக்கலாம், கழுத்தாவது மிஞ்சியிருக்கும். புழுக்காரி விரலைத் துடைக்காமல் நீட்டியபடியே மேடத்தின் அறைக்குள் போனாள்.

"மேடம், இதுதான் ஏழாம் ஜாடி."

மேடம் விரலைப் பார்த்தார். கோபப்பட முயன்றார். உதடு ஒத்துழைக்கவில்லை.

"எத்தனை இருந்திருக்கும்?"

"தெரியாது மேடம். தெரிஞ்சா எழுதியிருப்பேனே."

அவ்வளவுதான், மேடம் மேசையில் தலையைக் கவிழ்த்துக் குலுங்கினார். நிமிர்ந்தபோது கண்ணாடி ஒரு காதில் தொங்கியது.

"பத்து ஜாடியும் முழுசா இருந்தாத்தான் ஆமணக்குக் கணக்கு நிக்கும். முட்டையிலேர்ந்து மறுபடி வளர்க்கணும். முப்பத்தஞ்சு நாள் ஆகும். நீங்கதான் வளர்க்கறீங்க, உங்க வேலையை நீட்டிக்கச் சொல்லி எழுதறேன். ஆனா அந்த விரல் மட்டும் ஜாடிப் பக்கம் வரக்கூடாது."

வாசலில் நாத்தனார் மடக்கினாள். "உண்மையைச் சொல்லுங்க அண்ணி. தெரிஞ்சேதானே?"

"சத்தியமா இல்லடி."

"அப்ப நானும் உள்ள வந்து ஒண்ணை நசுக்கட்டா?"

புழுக்காரி கட்டைவிரலுக்குத் துணி சுற்றினாள், கத்தரிக்காய் பருமனுக்கு. அந்த விரலோடு பேனா பிடித்து, பதிவேட்டில் கோணல் மாணலாக எழுதினாள்: ஆமணக்கு, ஏழாம் ஜாடி. ஒரு பெண் பூச்சியும் அது இடும் முட்டை முழுவதும் நான் தரவேண்டிய பாக்கி.